ஈரத் தானியத்தை மேலே வையுங்கள்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அருமைச் சகோதரர்களே! முன்வரிசையில் கடைத்தெரு வணிகப் பெருமக்கள் அமர்ந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் கல்லூரி இளைஞர்கள் நிற்கிறீர்கள். இரு சாராருக்கும் சேர்த்து ஒரே செய்தியைச் சொல்லப் போகிறேன். முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து, அதை முடிக்காமல் வெளியே வந்து, வேறொரு துறையில் மறுபடியும் முதுகலை படிக்க விண்ணப்பிக்கும் ஒரு பிள்ளையை இந்தச் சமுதாயம் எப்படி நடத்த வேண்டும்? அந்தப் பிள்ளை எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இதுதான் இன்றைய பேச்சு.

"லட்சத்தில் ஒருவருக்கு வரும் பிரச்சினை, இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். 2006-இல் வெளிவந்த நீதிபதி சச்சார் குழு அறிக்கையை நினைவுபடுத்துகிறேன். நாட்டின் தலைசிறந்த கல்லூரிகளில் இளங்கலை படிப்போரில் 25 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம். முதுகலையில் 50 பேருக்கு ஒருவர்தான் என்று அந்த அறிக்கை சொன்னது. ஏணியில் ஏற ஏற நம் தலைகள் குறைகின்றன. அப்படியிருக்க, உச்சிப் படிவரை ஏறிய ஒரு பிள்ளை கால் இடறினால், அவனைப் பிடிக்க ஒரு கைகூட இல்லை என்றால், நஷ்டம் யாருக்கு? எண்ணிப் பாருங்கள்!

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம்.

எங்கள் மஹல்லாவில் ஒரு தம்பி. வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, 2022-இல் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குச் சேர்ந்தார். தோல் பதனிடும் தொழிலில் குரோமியம் உப்பு பயன்படுகிறது. பாலாற்றங்கரையில் அந்தத் தொழிலில் நம்மவர்கள் ஏராளம். கழிவுநீர் நிலத்தில் இறங்கிக் கிணற்றைக் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்தப் பகுதிக் கிணறுகளின் நீரைச் சோதிப்பதுதான் தம்பியின் ஆய்வு.

அவர் சேர்ந்த செய்தி கிடைத்ததும் நாங்கள் என்ன செய்தோம்? ஜும்ஆவுக்குப் பின் நானே எழுந்து அறிவித்தேன். பொன்னாடை போர்த்தினோம். "நம் மஹல்லாவின் முதல் டாக்டர்" என்று சுவரொட்டி ஒட்டினோம். பட்டம் வாங்க ஐந்தாறு ஆண்டுகள் இருக்கும்போதே பட்டத்தைக் கொடுத்துவிட்டோம். மேலே ஏற்ற மாலை கொண்டு போனோம்; இறங்க வேண்டி வந்தால் ஏணி வேண்டுமே என்று எங்களில் ஒருவரும் எண்ணவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

2024 கடைசியில் தம்பி ஊருக்கு வந்தார். "லீவு" என்றார். ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. தொழுகைக்குக் கடைசி வரிசையில் வந்து, ஸலாம் கொடுத்ததும் முதல் ஆளாக வெளியேறினார். கடைத்தெருவில் அவருடைய அத்தாவைப் பார்ப்பவர்கள் எல்லாம், "மகன் டாக்டர் ஆயாச்சா பாய்?" என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "ஆயிடுவான், இன்ஷா அல்லாஹ்" என்பார். உண்மை அவருக்கும் தெரியாது.

ஓர் இரவு இஷாவுக்குப் பின் தம்பி என்னிடம் வந்து அழுதார். "ஹஜ்ரத், நான் லீவில் வரவில்லை. விட்டுவிட்டு வந்துவிட்டேன்."

காரணம் கேட்டேன். சொன்னார். சேர்ந்தபோது நம்பியிருந்தது மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையை. சிறுபான்மை மாணவர்களுக்கென்று 2009-இல் தொடங்கிய திட்டம் அது. மற்றத் திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறது என்று காரணம் கூறி, 2022-23 கல்வியாண்டு முதல் அதை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. தேசிய அளவிலான தேர்வெழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். தம்பிக்கு அந்தத் தேர்வில் தகுதி மட்டும் கிடைத்தது; உதவித்தொகை கிடைக்கவில்லை. பகலில் ஆய்வுக்கூடம், மாலையில் டியூஷன் என்று ஓடினார். அந்தத் திட்டத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கையை நம் இயக்கம் கைவிடக் கூடாது.

ஆனால் தம்பி இன்னொன்றும் சொன்னார். அதுதான் என் மனதைத் தைத்தது. "ஹஜ்ரத், பணம் மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போவேன். அந்த வீட்டு அம்மா, 'தம்பி, இந்தத் தண்ணியைக் குடிச்சா என்ன ஆகும்? பிள்ளைக்குத் தோலெல்லாம் அரிக்குதே, இதனாலயா?' என்று கேட்பார். எனக்குப் பதில் தெரியாது. என் ஆய்வு குப்பிக்குள் இருக்கும் தண்ணீரைப் பற்றியது. அதைக் குடிப்பவரைப் பற்றியது அல்ல. எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்க ஆசைப்படுகிறேன்."

வணிகப் பெருமக்களுக்கு அந்தப் படிப்பு என்னவென்று ஒரு வரியில் சொல்கிறேன். மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். பொதுச் சுகாதாரம் ஒரு தெருவையே பார்க்கிறது. 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போய், ஒரே ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றித்தான் சாவுகள் குவிந்திருப்பதைக் காட்டினார். இதுதான் அந்தத் துறையின் வேலை. நம் ஊர்க் கிணறுகளுக்கு இது தேவையா, இல்லையா? நீங்களே முடிவு செய்யுங்கள்.

மறுநாள் எனக்குத் தெரிந்த ஒரு வணிகரிடம் பெயர் சொல்லாமல் ஆலோசனை கேட்டேன். நல்ல மனிதர், தர்மசாலி. அவர் சட்டென்று சொன்னார்: "இதுக்கா ஹஜ்ரத் கவலை? ஆய்வுக்குப் போனதையே காட்ட வேண்டாம். என் கடை லெட்டர்பேட் இருக்கு, ரப்பர் ஸ்டாம்பு இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு மேல என்கிட்ட மேனேஜரா வேலை பார்த்தான்னு எழுதித் தர்றேன். பிள்ளை வாழ்க்கை நல்லா இருக்கட்டும்."

சகோதரர்களே, உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் மனமும் சற்றுச் சாய்ந்தது. யாருக்கு என்ன கெடுதி? ஓர் ஏழைப் பிள்ளைக்கு வழி பிறக்குமே என்று தோன்றியது. வீடு வரும்வரை அதே நினைப்பு. வீட்டு வாசலில்தான் அந்தத் தானியக் குவியலின் சம்பவம் நினைவுக்கு வந்தது.

நம் வணிகர்கள் ஆயிரம் முறை கேட்டது அது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போனார்கள். கையை உள்ளே விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரலில் ஈரம் பட்டது. விற்பவரிடம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். மழை பெய்தது அவர் குற்றமா? இல்லை. தானியம் நனைந்தது குற்றமா? அதுவும் இல்லை. ஈரத்தை அடியில் தள்ளி, காய்ந்ததை மேலே பரப்பியதுதான் குற்றம். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கண்டித்தார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது.

ஆய்வை விட்டு வந்த பிள்ளையின் மீது மழை பெய்திருக்கிறது. அது குற்றமல்ல. அதைப் பொய்ச் சான்றிதழின் அடியில் மறைப்பதுதான் குற்றம். அதற்கு ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுப்பவர் பொய்ச் சாட்சி சொன்னவர் ஆகிறார். பொய்ச் சாட்சி பெரும்பாவங்களில் ஒன்று என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்க்கம் ஒருபுறம் இருக்கட்டும். உலகக் கணக்கிலும் அது நஷ்டமே. பல விண்ணப்பப் படிவங்கள் இதுவரை சேர்ந்த எல்லாப் படிப்புகளையும் கேட்கின்றன. பல்கலைக்கழகத்தில் பதிவு இருக்கிறது. இடம்பெயர்வுச் சான்றிதழ் அங்கே இருக்கிறது. பின்னாளில் தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகும். ஒரு பொய்யின்மேல் கட்டிய படிப்பு ஒவ்வொரு நாளும் பயத்தோடு படிக்கும் படிப்பு.

தம்பியை அழைத்துச் சொன்னேன்: "ஈரத்தை மேலே வை. மறைக்காதே."

"பாதியில் திரும்பியவன் என்று எழுதினால் யார் எடுப்பார்கள் ஹஜ்ரத்?" என்றார்.

பாதியில் திரும்புவது எப்போதும் கோழைத்தனமா? உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். ஸர்கு என்ற இடத்தில் படைத்தளபதிகள் எதிர்கொண்டு, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதைச் சொன்னார்கள். ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு வாக்கில் பரவிய அம்வாஸ் கொள்ளைநோய் அது. கலீஃபா என்ன செய்தார்கள்? முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து இரண்டுபட்டது. அன்ஸார்களை அழைத்தார்கள், அங்கும் இரண்டுபட்டது. குறைஷிப் பெரியவர்களை அழைத்தார்கள்; அவர்கள் ஒருமித்துத் திரும்பிவிடச் சொன்னார்கள். திரும்புவது என முடிவெடுத்தார்கள். அபூஉபைதா (ரலி) போன்ற பெரியவரே, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று கேட்டார். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். ஒரு புறம் வறண்டு மறுபுறம் செழித்த ஓடையில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்ப்பீர் என்றும் கேட்டார்கள். அதன் பிறகுதான் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருந்து வெளியேறவும் செய்யாதீர்கள் என்ற நபிமொழியைச் சொன்னார்கள். பொதுச் சுகாதாரத்தின் பால பாடமே அதுதான்!

இதில் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உமர் (ரலி) திரும்பினார்கள். ஆனால் மூன்று கூட்டத்தாரிடம் ஆலோசித்துவிட்டுத் திரும்பினார்கள். அறிவித்துவிட்டுத் திரும்பினார்கள். இரவோடு இரவாக மறையவில்லை.

ஆகவே அவசரப்பட்டு விடாதீர்கள். மூஸா (அலை) அவர்கள் நபியாக இருந்தும் கிள்ரு (அலை) அவர்களிடம் மாணவராகப் போனார்கள். மீண்டும் மாணவராவது இழிவல்ல என்பதற்கு அது சான்று. ஆனால் அந்தப் பாடம் இடையில் முறிந்தபோது, மூஸா இன்னும் பொறுத்திருக்கலாமே என்று நம் நபி (ஸல்) அவர்கள் விரும்பியதாக புகாரியில் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

விடுவதற்கு முன் நெறியாளரிடம் பேசுங்கள். ஆய்வு ஆலோசனைக் குழுவிடம் பேசுங்கள். நெறியாளரை மாற்ற வழி உண்டா, விடுப்பு உண்டா என்று கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் வரை தரலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தளர்வு உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை உண்டு. கல்யாணம் ஆனதும் ஆய்வை விடச் சொல்லும் மாமனார், மாமியார்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்! ஆலோசித்த பின் இஸ்திகாரா தொழுங்கள்.

அப்படியும் விடுவதே சரி என்றால் முறையாக விடுங்கள். எழுத்து மூலம் விலகல் கடிதம் கொடுங்கள். நூலகம், ஆய்வுக்கூடம், விடுதி மூன்றிலும் பாக்கியில்லை என்று சான்று வாங்குங்கள். மூலச் சான்றிதழ்களையும், மாற்றுச் சான்றிதழையும், இடம்பெயர்வுச் சான்றிதழையும் கையோடு பெறுங்கள். ஆய்வுக்கு முந்தைய பாடப்பயிற்சித் தேர்வு எழுதியிருந்தால் அதன் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அது நீங்கள் சம்பாதித்த சொத்து. உதவித்தொகை பெற்றவர்கள், இடையில் விட்டால் திருப்பிக் கட்ட வேண்டுமா என்ற விதியைப் படியுங்கள். ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளை ஒப்படைத்து, நெறியாளரிடம் ஸலாமோடு விடைபெறுங்கள். நாளை அவரே உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தரக்கூடும்.

தம்பி இதையெல்லாம் செய்யாமல் வந்திருந்தார். முதல் வேலையாக அவரைத் திருப்பி அனுப்பினேன். மூன்று நாளில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்தார். "நெறியாளர் திட்டுவார் என்று பயந்தேன் ஹஜ்ரத். தேநீர் வாங்கிக் கொடுத்தார்" என்றார்.

அடுத்து விண்ணப்பம். துறை மாறிப் படிக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். நுழைவுத் தேர்வில் தேறினால், இளங்கலையில் என்ன பாடம் படித்திருந்தாலும் வேறு பாடத்தில் முதுகலை சேரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024-இல் வெளியிட்ட முதுகலைப் பாடத்திட்ட வரையறை இடம் கொடுத்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனித் தகுதி வைக்கிறது. பொதுச் சுகாதாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் மருத்துவம் படித்தவர்களை மட்டுமே எடுப்பார்கள்; சில இடங்களில் மற்றப் பட்டதாரிகளுக்கும் கதவு திறந்திருக்கிறது. தகுதிக் குறிப்பை வரிக்கு வரி படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

"இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறேன்" என்று கடிதம் கேட்பார்கள். அங்கேதான் ஈரத்தை மேலே வைக்க வேண்டும். ஆய்வில் எந்த ஆண்டு சேர்ந்தேன், என்ன செய்தேன், எப்போது, ஏன் விலகினேன் என்று நான்கு வரி. அதற்கு மேல் புலம்ப வேண்டாம். நெறியாளரைக் குறை கூற வேண்டாம். பிறகு, அந்தக் காலத்தில் கற்றது என்ன என்று எழுதுங்கள். மாதிரி எடுப்பது, அளப்பது, பிழையைக் கணக்கிடுவது, ஆங்கிலத்தில் கட்டுரை படிப்பது, எல்லாம் கைச்சரக்கு. கடையை இடம் மாற்றும் வணிகர் பழைய கடையின் இருப்பை எண்ணி எடுத்துக்கொண்டு போவாரா, எரித்துவிட்டுப் போவாரா?

இறுதியாக, புதிய துறையில் ஆசை மட்டும் போதாது, அடையாளம் வேண்டும். தம்பி அரசின் ஸ்வயம் தளத்தில் புள்ளியியல் பாடம் ஒன்றைப் படித்தார். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதி பெற்று, கிராமச் சுகாதாரச் செவிலியரோடு வீடு வீடாகப் போனார். எம்.எஸ்ஸி. ஆசிரியர் ஒருவரிடமும், பாடப்பயிற்சி நடத்திய பேராசிரியர் ஒருவரிடமும் பரிந்துரைக் கடிதம் பெற்றார்.

நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தார். இரண்டு இடங்களில் அழைக்கவே இல்லை. ஓர் இடத்தில் நேர்காணலில், "ஒன்றை விட்டவர் இதையும் விடமாட்டீர் என்பதற்கு என்ன உறுதி?" என்று கேட்டு, இடம் தரவில்லை. நான்காவது இடத்திலும் அதே கேள்வி. இம்முறை தம்பி அந்தக் கிணற்றடி அம்மாவின் கேள்வியைச் சொன்னார். "அந்தக் கேள்வியை நான் விடவில்லை, அதற்குப் பதில் கிடைக்காத இடத்தைத்தான் விட்டேன்" என்றார். அல்ஹம்துலில்லாஹ், 2025-இல் அங்கே சேர்ந்து படித்து வருகிறார். வகுப்பில் மற்றவர்களுக்கு 21, 22 வயது, இவருக்கு 27. "முதல் வாரம் வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை" என்கிறார்.

இனி, முன்வரிசையில் இருக்கும் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, நாக்கு. வியாபாரத்தில் நஷ்டம் வந்தால், "ரிஸ்க் அல்லாஹ்விடம், வேறு தொழில் பாருங்கள்" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்கிறீர்கள். ஜவுளியை மூடிவிட்டு மளிகை வைத்தவரை யாரும் ஓடிப்போனவர் என்று சொல்வதில்லை. படிப்பில் மட்டும் ஏன், "இவனுக்குப் படிப்பு ஏறலை, கடைக்குக் கூப்பிடு" என்கிறீர்கள்? மத்ரஸாவிலும் இந்த நோய் உண்டு. ஸனது வாங்காமல் இடையில் போனவரை நாங்கள் ஏளனமாகப் பார்த்திருக்கிறோம். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக!

இரண்டாவது, பணம். பல உதவித்தொகைத் திட்டங்கள் ஒரு முதுகலை முடித்தவர் வேறு பாடத்தில் இன்னொரு முதுகலை படித்தால் தொகை தருவதில்லை. வங்கிக் கடன் என்றால் வட்டி. ஆக, இந்தப் பிள்ளைக்கு அரசின் கதவும் அடைபடுகிறது, நம் கதவும் அடைபடுகிறது. பைத்துல்மாலில் இதற்கென்று ஓர் ஒதுக்கீடு வையுங்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ளவருக்கு ஜகாத்திலிருந்து கொடுங்கள். மற்றவருக்குக் கர்ளன் ஹஸனாவாகக் கொடுங்கள். வேலைக்குப் போனதும் திருப்பித் தரட்டும். அது அடுத்த பிள்ளைக்குப் போகட்டும்.

மூன்றாவது, ரப்பர் ஸ்டாம்பு. அதைப் பூட்டி வையுங்கள். லெட்டர்பேடு கொடுக்க முன்வந்த அந்த வணிகரிடம் தானியக் குவியலை நினைவுபடுத்தினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பொய் எழுத வேண்டாம் ஹஜ்ரத், செக் எழுதுறேன்" என்றார். முதல் ஆண்டுக் கட்டணம் அழகிய கடனாக அவர் கொடுத்ததுதான்.

தம்பியின் அத்தாவைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் உரை நிறைவடையாது. மகன் உண்மையைச் சொன்ன அன்று அவர் கடையைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தார். வழக்கம்போல் ஒருவர், "மகன் டாக்டர் ஆயாச்சா பாய்?" என்று கேட்டார். "இல்லை பாய், அதை விட்டுட்டான். வேற படிக்க எழுதிப் போட்டிருக்கான். துஆ செய்யுங்க" என்றார். அவ்வளவுதான். கேட்டவர் துஆ செய்துவிட்டு அரை கிலோ பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு போனார். நாம் பயந்ததுபோல் வானம் இடிந்து விழவில்லை.

இளைஞர்களே! உங்களில் யாராவது இன்றிரவு அப்படி ஒரு ரகசியத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் நிற்கலாம். ஸலாம் கொடுத்ததும் ஓடிவிடாதீர்கள். அத்தாவிடம் சொல்லுங்கள், முடியவில்லையென்றால் உங்கள் பள்ளி இமாமிடம் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், இந்த முறை சுவரொட்டி ஒட்ட மாட்டோம், கூட வருவோம்.

பயனற்ற கல்வியிலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக! பயனுள்ள கல்வியின் வாசலை நம் பிள்ளைகளுக்கு, ஒன்று அடைந்தால் மற்றொன்றாக, திறந்து வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.